அந்தோனி எனப்படும் வெளிநபர்

பிம்பர்டன் அன்ட் கம்பனியில் கப்பல் சரக்குகளுக்கான பத்திரங்கள் தயாரிப்பார்கள். ஆனால் போன வருடம் முழுவதும் அதன் நான்காம் மாடியில் தயாரானது வேறொரு பத்திரம்: ஊழியர்கள் முறைப்பாடு செய்வது எப்படி என்று விளக்கும் அறுபத்துநான்கு பக்கக் கைநூல். அட்டையில் மூன்று வெள்ளைக்காரப் பெண்கள் ஒரு கணினியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கம்பனியில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியும் கிடையாது, கணினியைப் பார்த்துச் சிரிக்கிறவர்களும் கிடையாது. வெளியீட்டு விழாவுக்குக் குத்துவிளக்கு ஏற்றி, முறைப்பாட்டுப் பெட்டியின் வடிவத்தில் கேக் செய்வித்து வெட்டினார்கள். முதல் துண்டை வாயில் வாங்கிக்கொண்டவர் பத்திரப் பிரிவு மனேஜர் நமசிவாயம்.

உண்மையான பெட்டி கண்ணாடியால் ஆனது. கம்பனியின் ஏழு விழுமியங்களில் மூன்றாவது வெளிப்படைத்தன்மை என்பதால் மரப்பெட்டி வேண்டாம் என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. அதை நமசிவாயத்தின் அறை வாசலில் மாட்டினார்கள், ஏனென்றால் அந்தச் சுவரில்தான் ஏற்கெனவே ஆணி இருந்தது. பதினொரு மாதமாக அதற்குள் ஒரு செத்த பூச்சியும் ஒரு டொஃபிக் கடதாசியும் மட்டும் கிடந்தன. இந்தப் புள்ளிவிபரத்தைக் காட்டி 'மனம் நிறைந்த பணியிடம்' என்ற விருதையும் கம்பனி வாங்கிக்கொண்டது.

டோரின் கொட்டாஞ்சேனைக்காரி. பதினேழு வருடமாக அதே பத்திரப் பிரிவில், அதே கதிரையில் இருந்து, சீனிக்கும் சீமெந்துக்கும் பழைய வாகனங்களுக்கும் பத்திரம் அடித்தவள். எந்தக் கப்பல் எந்த நாளில் வரும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவாள். நமசிவாயம் மனேஜராக வந்த பிறகு அவளுக்கு இன்னொரு வரவும் மனப்பாடமாயிற்று. காலை பத்தரைக்கு அவருடைய வலக் கை வரும்.

அது வருகிற விதம் எப்போதும் ஒன்றுதான். திரையில் ஏதோ பிழை பார்க்கிற சாட்டில் பின்னால் வந்து நிற்பார். கை தோளில் இறங்கும். பிழை இருக்காது, ஆனால் கை இருக்கும். பெருவிரல் கழுத்துப் பக்கமாக மெல்ல மெல்ல நகரும். அவர் வாய் பாட்டுக்குக் கொள்கலன் இலக்கங்களை வாசித்துக்கொண்டிருக்கும். டோரினுக்கு அந்தப் பத்து நிமிடமும் தோளில் பல்லி விழுந்தது போல இருக்கும். மாசி மாதத்தில் ஒருநாள் அவள் வாய்விட்டே சொன்னாள்.

"சேர், கையை எடுங்கோ."

நமசிவாயம் சிரித்தார். பிரிவில் இருந்த பதினான்கு பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"நான் ஆரையும் பிறத்தியா நினைக்கிறேல்லை, டோரின். நீர் என்ர தங்கச்சி மாதிரி. இந்த வயசில உமக்கு இப்பிடி ஒரு நினைப்பு வருகுதெண்டால் நல்ல டொக்டர் ஒருத்தரிட்டக் காட்டும்."

யாரோ ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் திரைகளைப் பார்த்தார்கள். அடுத்த நாள் பத்தரைக்குக் கை வழக்கம் போல வந்தது, போன நாளை விடக் கொஞ்சம் பாரமாக.

வீட்டில் அவள் கணவன் மெல்ரோய்க்குத் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிற வேலை. "நான் வந்து அந்தாளை ஒரு கதை கதைக்கிறன்" என்றான். அவன் கதைக்கிற கதை எந்த உறுப்பில் முடியும் என்பது டோரினுக்குத் தெரியும். "நீர் பேசாம இரும். கம்பனியில அதுக்கெண்டு ஒரு முறை இருக்கு" என்றாள். அந்த வசனத்தைச் சொன்ன அன்று அவள் அதை நம்பித்தான் சொன்னாள், அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை மாலை குசினி மேசையில் இருந்து கம்பனியின் எம்-7 படிவத்தை நிரப்பினாள். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ்ப் படிவம் ஆறு வருடமாகத் தயாராகிக்கொண்டிருந்தது. 'சம்பவத்தின் தன்மை' என்பதற்கு இருபது கட்டங்கள் மட்டும் விட்டிருந்தார்கள். யோசித்து யோசித்து 'தோள் விடயம்' என்று அடக்கினாள். 'இச்சம்பவத்தைத் தவிர்க்க நீங்கள் என்ன செய்திருக்கலாம்?' என்பதற்கு அரைப்பக்கம் இடம் இருந்தது. 'குற்றம் சாட்டப்படுபவரிடம் நீங்கள் மெச்சும் மூன்று குணங்கள்' என்ற இடத்தில் நேரந்தவறாமை, சுத்தமான உடுப்பு, உயரம் என்று எழுதினாள். கடைசியில் மேலதிகாரியின் சிபாரிசும் கையெழுத்தும் வேண்டும் என்றிருந்தது. மேலதிகாரி நமசிவாயம்தான். அதை அவள் வெள்ளிக்கிழமையே சீனிக் கப்பல் பத்திரங்களுக்கு நடுவில் செருகி வாங்கிவிட்டிருந்தாள். அவர் எதையும் வாசித்துக் கையெழுத்து வைக்கிற ஆள் இல்லை. 'சிபாரிசு செய்கிறேன்' என்று அழகாக எழுதியும் தந்திருந்தார்.

படிவத்தை முடித்தபோது நெஞ்சில் இருந்த பாரம் அப்படியே இருந்தது. அதனால் கொப்பியில் இருந்து ஒரு தாளைக் கிழித்து, கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர் எதற்கும் செய்கிற காரியத்தைச் செய்தாள். அந்தோனியாருக்கு மன்றாட்டு எழுதினாள்.

"கோடி அற்புதரே, உமக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. எங்கள் மனேஜர் நமசிவாயம் ஒவ்வொரு நாளும் பத்தரைக்கு என் தோளில் கை வைக்கிறார். வலக் கை. சொல்லியும் எடுக்கிறார் இல்லை. எனக்கு அருவருப்பாக இருக்கிறது. வேலைக்குப் போகப் பிடிக்கவில்லை, வேலையை விடவும் ஏலாது. அந்தக் கையை எடுத்துவிடும். தானாக எடுக்காவிட்டால் முறித்துவிடும். பதின்மூன்று செவ்வாய் வருவேன். இப்படிக்கு டோரின்."

இரண்டையும் கம்பனியின் நீண்ட மண்ணிற உறைகளில் போட்டு ஒட்டினாள். பதினேழு வருடத்தில் அந்த உறைகள் வீட்டிலும் ஒரு கட்டுச் சேர்ந்திருந்தன. இரகசியம் பேணும் பொருட்டு உறையின் மேல் எதுவும் எழுதக்கூடாது என்று கைநூலின் இருபத்திரண்டாம் பக்கம் சொல்லியிருந்தது. அந்தோனியாருக்குப் போகும் உறையில் யாரும் விலாசம் எழுதுவதும் இல்லை. செவ்வாய்க் காலை அந்தோனியார் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தி, ஒரு உறையை மன்றாட்டுப் பெட்டிக்குள் போட்டாள். பிறகு கந்தோருக்கு நடந்துபோய் மற்றதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டாள்.

புதன்கிழமை மத்தியானம் கோயிலில் மன்றாட்டுகளைப் பிரித்து அடுக்குகிற வயதான அம்மா ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். இலக்கம் படிவத்தில் இருந்ததாம்.

"மகள், உம்மட கடதாசி கிடைச்சது. நாலு பக்கத்தையும் வாசிச்சன். ஆனா அந்தோனியாரிட்ட நீர் என்ன கேக்கிறீர் எண்டு விளங்கேல்லையே. ஒரு ஆளின்ர உயரத்தைப் பற்றி எழுதியிருக்கு. கீழ ஒரு ஐயா சிபாரிசும் செய்திருக்கிறார். அவரும் எங்கட கோயில் பங்கா?"

உறைகள் மாறிப்போயின என்று டோரினுக்கு விளங்கிற்று. நமசிவாயத்தின் அறை வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். செத்த பூச்சி இருந்தது. உறை இல்லை.

உறையை எடுத்துப் பிரித்தவள் 'மக்களும் பண்பாடும்' பிரிவின் தலைவி சாமினி. முன்பு ஆளணிப் பிரிவு என்று சாதாரணமாக இருந்ததற்கு இப்போது அதுதான் பெயர். சாமினியும் கொட்டாஞ்சேனையில் டோரினின் வீட்டில் இருந்து இரண்டு ஒழுங்கை தள்ளிப் பிறந்து வளர்ந்து, கலியாணம் முடித்து நுகேகொடைக்குப் போனவள். கைநூலை எழுதியவளும் அவளே. ஏழு வேலை நாட்களுக்குள் நடவடிக்கை என்று அதில் வாக்குக் கொடுத்திருந்தாள். முதல் நாள் செய்த நடவடிக்கை, நீதியின் பொருட்டு, கடிதத்தின் பிரதி ஒன்றை நமசிவாயத்திடம் கொடுத்து அவருடைய பெயர் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொண்டது. மிச்ச நாட்களில் கடிதம் ஆய்வில் இருந்தது.

ஐந்தாவது வேலை நாள் காலை, வெள்ளவத்தையில் தன் தொடர்மாடிப் படிகளில் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு இறங்கிய நமசிவாயம் ஐந்து படி வழுக்கி விழுந்து வலக் கை மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

அடுத்த நாள் உள்ளங்கையில் இருந்து முழங்கை வரை வெள்ளைக் கட்டோடு கந்தோருக்கு வந்தார். வந்ததும் முறைப்பாடு செய்தார். அவருக்குப் படிவம் தேவைப்படவில்லை, உறையும் தேவைப்படவில்லை. சாமினியின் அறைக் கதவைக் காலால் தள்ளிக்கொண்டு போய், "கையைப் பாரும்" என்றார். நாற்பது நிமிடத்தில் விசாரணைக் குழு அமைந்தது, மத்தியானத்துக்கு முன் டோரினின் மேசைக்குக் குற்றப்பத்திரம் வந்தது. அந்தோனி எனப்படும் வெளிநபருடன் சேர்ந்து கம்பனியின் சிரேஷ்ட அலுவலர் ஒருவருக்கு அங்கச் சேதம் விளைவிக்கச் சதி செய்தாள் என்பது முதலாவது குற்றம். கம்பனியின் உள்விடயத்தை மேற்படி வெளிநபருக்குக் கசியவிட்டது இரண்டாவது. நிரூபணமானால் வேலைநீக்கம் என்று அடியில் தடித்த எழுத்தில் இருந்தது.

அவள் இரண்டு தரம் வாசித்தாள். தோளைப் பற்றி அதில் ஒரு வரி கூட இல்லை.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். சாமினி ஒருவர். பாதுகாப்பு அதிகாரி இஸ்ஸதீன் இரண்டாமவர், இருபத்தெட்டு வருடம் பொலிசில் இருந்து ஓய்வு பெற்றவர். மூன்றாமவர் சம்பந்தப்பட்ட பிரிவின் மனேஜராக இருக்க வேண்டும் என்று கைநூலின் முப்பத்தோராம் பக்கம் விதித்திருந்ததால், நமசிவாயம். ஆனால் நடுநிலை பேண வேண்டும் என்பதில் சாமினி கண்டிப்பாக இருந்தாள். அவருடைய கதிரையை மற்ற இரண்டிலும் பார்க்க அரை அடி பின்னுக்கு இழுத்துப் போடுவித்தாள்.

"டோரின், இது ஒரு பாதுகாப்பான இடம்" என்று சாமினி தொடங்கினாள். "இங்க நீங்க மனசில உள்ளதெல்லாம் பயமில்லாம கதைக்கலாம். நீங்க கதைக்கிற ஒவ்வொரு சொல்லும் ரெக்கோட் ஆகுது."

"மிஸ், நான் படிவம் நிரப்பினனான். உறை மாறிப் போச்சு. அது கோயில்ல இருக்கு."

"அப்ப கம்பனிக்குப் படிவம் கிடைக்கேல்ல. படிவம் கிடைக்காட்டி முறைப்பாடு இல்ல. முறைப்பாடு இல்லாட்டி சம்பவம் நடக்கேல்ல. இது உங்களுக்கு எதிரா சொல்றதில்ல, எல்லா ஊழியருக்கும் ஒரே மாதிரித்தான்."

"உங்கட கையில இருக்கிற கடிதத்தில எல்லாம் எழுதியிருக்கே மிஸ்."

"அது எங்களுக்கு எழுதினது இல்லையே. மற்ற ஆக்களுக்கு எழுதின கடிதத்தில இருக்கிற விசயத்தை நாங்க எப்படிப் பார்க்கிற? அது உங்கட தனியுரிமை." இதைச் சொல்லிவிட்டு அதே கடிதத்தின் நான்காவது வரியைத் தொட்டு, "இங்க முறித்துவிடும் எண்டு எழுதியிருக்கீங்க. அதைப் பற்றிக் கதைப்போம்" என்றாள்.

இஸ்ஸதீன் தொண்டையைச் செருமினார். முன்னால் பொலிசுக்கால நோட்டுப் புத்தகம் விரிந்திருந்தது.

"மகள், பயப்படாதீங்க. கேக்கிறதுக்குப் பதில் செல்லுங்க. இந்த அந்தோனி எங்க ஈக்கிறார்?"

டோரின் அவரைப் பார்த்தாள். போன வருடம் தன் பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்காமல் இருந்தபோது இந்த மனிதர் ஒரு செவ்வாய்க்கிழமை அவளோடு கூட அந்தோனியார் கோயிலுக்கு நடந்து வந்து மெழுகுதிரி கொளுத்திவிட்டுப் போனவர். சாமினியின் காரில் முன் கண்ணாடிக்குக் கீழே அந்தோனியாரின் சின்னச் சொரூபம் ஒட்டியிருக்கிறது. நமசிவாயத்தின் மனைவி, தவறாமல் பிள்ளையார் கோயிலுக்குப் போகிற பெண், மகளுக்கு விசா கிடைக்க வேண்டும் என்று அங்கே ஒன்பது செவ்வாய் வந்ததைக் கொட்டாஞ்சேனையே அறியும்.

"சேர், உங்களுக்குத் தெரியும்தானே."

"எனக்குத் தெரியும் மகள். ஆனா என்ட புத்தகத்துக்குத் தெரியாதே."

சாமினி அதை இன்னும் திருத்தமாகச் சொன்னாள். "தனிப்பட்ட முறையில எங்க எல்லாருக்கும் தெரியும். கம்பனி எண்ட முறையில எங்களுக்குத் தெரியாது."

"கோயில்ல இருக்கிறார்" என்றாள் டோரின்.

"என்ன தொழில்?"

"புனிதர்."

இஸ்ஸதீன் எழுதினார். "ஆள் எப்படி? உயரம், உடுப்பு?"

"மண்ணிற அங்கி. கையில ஒரு குழந்தை இருக்கும்."

"எத்தனை வருசப் பழக்கம்?"

"பிறந்ததில இருந்து."

நமசிவாயம் அரை அடி பின்னால் இருந்தபடி முதல் தரம் வாயைத் திறந்தார். "பாத்தீங்களே. பழக்கத்தை அவவே ஒப்புக்கொள்ளுறா. நான் இந்தப் பிள்ளையை என்ர குடும்பத்தில ஒருத்தியா நடத்தினனான். என்ர கீழ வேலை செய்யிற பொம்பிளைப் பிள்ளையள் ஒருத்தரையும் நான் வித்தியாசமா நடத்துறேல்லை. எல்லாரின்ர தோளிலயும் இந்தக் கை சமமாத்தான் பட்டிருக்கு. வேணுமெண்டால் கேட்டுப் பாருங்கோ."

கேட்டுப் பார்க்க வேண்டிய தேவையைக் குழு உணரவில்லை. 'அலுவலர் பாகுபாடு காட்டாதவர்' என்று சாமினி குறிப்பில் எழுதினாள்.

அதன் பிறகு காரியங்கள் வேகம் பிடித்தன. ஆறு வருடமாகத் தமிழில் ஒரு படிவம் அச்சடிக்க முடியாமல் இருந்த கம்பனி, ஒரே நாளில் கோயில் விலாசத்துக்குத் திரு. அந்தோனி என்று பெயரிட்டுப் பதிவுத் தபாலில் அழைப்பாணை அனுப்பியது. விசாரணைக்குச் சமுகமளிக்கும்படியும், அடையாள அட்டையின் பிரதி கொண்டுவரும்படியும் அதில் கேட்டிருந்தார்கள். கோயில் கந்தோரில் இருந்து யாரோ நல்ல மனதோடு செவ்வாய் நொவேனா வழிபாட்டு நேரங்கள் அச்சிட்ட அட்டையைத் திருப்பி அனுப்பினார்கள். 'வெளிநபர் ஒவ்வொரு செவ்வாயும் தாம் இருக்குமிடத்தை உறுதிசெய்துள்ளார், எனினும் சமுகமளிக்க மறுத்துள்ளார்' என்று குழு பதிவு செய்தது.

இஸ்ஸதீனுக்குத் தன் கடமை மிஞ்சியிருந்தது. பிரதான வாசலில் அறிவித்தல் ஒட்டினார். மண்ணிற உடையில், கையில் குழந்தையோடு வரும் ஆணை எக்காரணம் கொண்டும் உள்ளே விடக்கூடாது. வியாழக்கிழமை, கணக்குப் பிரிவில் வேலை செய்கிற பெண்ணைக் கூட்டிப் போகக் களனியில் இருந்து வந்த அவள் கணவனை இரண்டு காவலர்கள் மடக்கிப் பிடித்தார்கள். அவன் மண்ணிறச் சேர்ட் போட்டிருந்தான், பிள்ளைக்கு ஒன்றரை வயது. முக்கால் மணி நேரம் பிடித்தது அவனுடைய பெயர் அந்தோனி இல்லை என்று நிரூபிக்க. பிள்ளை கத்திய கத்தலில் மூன்றாம் மாடி வரை வேலை நின்றுபோயிற்று. சம்பவ அறிக்கையில் 'ஒத்திகை வெற்றி' என்று எழுதினார்கள்.

வீட்டில் மெல்ரோய் இதைக் கேட்டுச் சிரிக்கத் தொடங்கி, டோரினின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பத்துநாலு வயதில் வேலைநீக்கக் கடிதத்தோடு வெளியே போனால் கப்பல் பத்திரம் அடிக்க யாரும் கூப்பிடப் போவதில்லை. அதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்று அவளுக்குள் கிடந்து கொதித்தது. இத்தனை பேர் இத்தனை மேசைகளில் இருந்து ஒரு கையைப் பற்றி இவ்வளவு கதைக்கிறார்கள். அந்தக் கை எங்கே இருந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

விசாரணை முடியும் வரை பாதுகாப்பு முன்னேற்பாடாக டோரினைப் பிரதி எடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். பாதுகாப்பு நமசிவாயத்துக்கு. அவளுடைய பழைய கதிரையில் நிஷாந்தியை இருத்தினார்கள். நிஷாந்தி பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து வந்து, இரத்மலானையில் ஒரு அறையில் நாலு பெண்களோடு தங்கி வேலைக்கு வருகிறவள், பத்திரப் பிரிவுக்குப் புதிது. இரண்டாம் நாள் பத்தரைக்கு டோரின் இயந்திரத்தின் மூடியைத் தூக்கியபடி திரும்பிப் பார்த்தாள். வெள்ளைக் கட்டுப் போட்ட வலக் கை நமசிவாயத்தின் நெஞ்சோடு தொங்கிக்கொண்டிருந்தது. இடக் கை நிஷாந்தியின் தோளில் இருந்தது.

மத்தியானம் நிஷாந்தி கைகழுவும் இடத்தில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். டோரின் பக்கத்தில் போய் நின்றாள்.

"நான் வலக் கை எண்டு மட்டும் எழுதிப்போட்டன்" என்றாள். "என்ட பிழை."

"அக்கா, நான் என்னா செய்யணும்? அந்தப் பெட்டியில எழுதிப் போடவா?"

"வேண்டாம்" என்றாள் டோரின். ஒரு பெண்ணிடம் வாயைத் திறக்காதே என்று சொல்லுகிற அளவுக்குத் தன்னைக் கம்பனி நன்றாகப் பழக்கிவிட்டது என்று நினைத்தாள். அன்று பின்னேரமே சாமினியின் அறைக்குப் போய், நின்றபடி, நிஷாந்தியின் பெயரைச் சொல்லாமல், இடக் கையைப் பற்றிச் சொன்னாள்.

சாமினி கணினியில் எதையோ தட்டினாள். "டோரின், நீங்க இப்ப குற்றம் சாட்டப்பட்ட ஆள். குற்றம் சாட்டப்பட்ட ஆள் முறைப்பாடு செய்றது பழிவாங்கலா எடுபடும். பக்கம் நாப்பது. நான் உங்கட நல்லதுக்குத்தான் சொல்றன்."

"மிஸ், நீங்களும் ஒரு பொம்பிளை."

சாமினியின் விரல்கள் நின்றன. "நான் இங்க பிரிவுத் தலைவி" என்றாள். திரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

தீர்ப்பு நாலு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை வந்தது, ஒன்பது பக்கத்தில். அந்தோனி எனப்படும் வெளிநபர் விசாரணைக்கு ஒத்துழைக்காதவர் என்று கண்டிக்கப்பட்டார். அவர் கம்பனியின் ஊழியர் அல்லாத காரணத்தால் மேலதிக நடவடிக்கை எடுக்க முடியாமைக்குக் குழு வருந்தியது. டோரின் மீதான இரண்டு குற்றங்களும் நிரூபணமாகின. ஆயினும் பதினேழு வருடச் சேவையைக் கருத்தில் கொண்டு கருணை காட்டப்பட்டது: நமசிவாயத்தின் கட்டு அவிழ்க்கப்படும் நாளுக்கு முன்னதாக, மன்றாட்டை எந்த வழியில் சமர்ப்பித்தாளோ அதே வழியில் எழுத்து மூலம் மீளப் பெற வேண்டும். கம்பனியின் கடிதத் தலைப்பில் எழுத வேண்டும். பிரிவுத் தலைவி நேரில் சாட்சியாக நின்று புகைப்படம் எடுத்துச் சான்றிதழில் கையெழுத்து வைக்க வேண்டும். தவறினால் வேலைநீக்கம்.

கட்டு அவிழ்ப்பது அடுத்த வாரம் வெள்ளி என்று நமசிவாயம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். டொக்டர் பயிற்சி செய்யச் சொன்னாராம். வெள்ளைக் கட்டுக்கு வெளியே தெரிந்த விரல் நுனிகளை விரித்து மடக்கிக் காட்டினார்.

செவ்வாய்க்கிழமை மத்தியான நொவேனாவுக்குக் கம்பனிக் காரில் இரண்டு பேரும் போனார்கள். வாசலில் பைகளைச் சோதித்து உள்ளே விட்டார்கள். சனம் நெருக்கியடித்தது. பொட்டு வைத்தவர்கள், முக்காடு போட்டவர்கள், மல்லிகைப் பூவோடு சிங்களப் பெண்கள், சீருடையோடு வந்த துறைமுகத் தொழிலாளர். மெழுகுதிரிச் சூட்டில் எல்லோருடைய முகமும் வேர்த்திருந்தது. சாமினி காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தாள். எங்கே வைப்பது என்று அவள் யாரையும் கேட்கவில்லை.

டோரின் கடிதத்தை எடுத்தாள். மேற்படி மன்றாட்டை எவ்வித வற்புறுத்தலுமின்றித் தன் சுயவிருப்பின் பேரில் மீளப் பெறுவதாகவும், மேற்படி கையின் பூரண சுகத்துக்கு வாழ்த்துவதாகவும் அதில் தட்டச்சு செய்திருந்தது. தட்டச்சு செய்தவளும் அவள்தான், பிழை பார்த்தது சாமினி. பெட்டிக்கு முன் நின்றபோது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கோபத்தில் வந்த கண்ணீர் அது. இந்த உலகத்தில் தான் சொன்னதைச் சொன்னபடி கேட்ட ஒரே ஆளிடம் போய், நான் சொன்னது பொய் என்று சொல்லவைக்கிறார்களே என்று பல்லைக் கடித்தாள்.

சாமினி கைத்தொலைபேசியைத் தூக்கிப் புகைப்படம் எடுத்தாள். சான்றிதழில் கையெழுத்து வைத்து மடித்துப் பைக்குள் போட்டாள். பிறகு, "ஒரு நிமிசம் தாங்க" என்று கடிதத்தை டோரினின் கையில் இருந்து வாங்கினாள். ஏதோ பிழை கண்டுவிட்டாள் என்று டோரின் நினைத்தாள்.

சாமினி கடிதத்தைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தைத் தூணில் வைத்து அழுத்தி, பேனையைத் திறந்தாள்.

"இதுக்கு மனேஜரிட கையெழுத்து வேணுமா?"

"வேண்டாம் மிஸ்."

"பதவி, ஊழியர் இலக்கம்?"

"ஒண்டும் வேண்டாம் மிஸ். நடந்ததை எழுதினாக் காணும்."

எழுதத் தொடங்கினாள். பார்க்கக்கூடாது என்றுதான் டோரின் நின்றாள், ஆனால் கூட்டம் தள்ளிய தள்ளலில் கண் அங்கே போய்விட்டது. முதல் வரியில் ஒரு பெயர் இருந்தது. நமசிவாயத்தின் பெயரல்ல. ஐந்தாம் மாடியில் இருக்கிற, மனம் நிறைந்த பணியிட விருதைக் கம்பனியின் சார்பில் கையேந்தி வாங்கிய பணிப்பாளரின் பெயர். குழு கூடாமல் ஒரு வசனமும் எழுதாத சாமினி, பேனையைத் தூக்காமல் அரைப்பக்கம் எழுதினாள். கடைசியில் ஒரு வரி விட்டு, 'மறுபக்கத்தில் உள்ளதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். டோரினின் மன்றாட்டு அப்படியே இருக்கட்டும், இரண்டு கைக்கும்' என்று எழுதி மடித்தாள்.

டோரினுக்குப் பரிதாபம் வந்தது. பரிதாபத்துக்குப் பின்னாலேயே, அதைத் தள்ளிக்கொண்டு, கோபமும் வந்தது.

"மிஸ், இதே பேனையால இதே வசனத்தை நீங்க கந்தோர்ல எழுதியிருக்கலாம். எழுதியிருந்தா நிஷாந்தி இண்டைக்கு அந்தக் கதிரையில இருந்து அழமாட்டா."

சாமினி கடிதத்தைப் பெட்டிக்குள் போட்டாள். அது உள்ளே விழுந்ததா என்று குனிந்து பார்த்தாள்.

"கந்தோர்ல எழுதினா அதை வாசிக்கிறது யாரு, டோரின்?" என்றாள். "நான்தானே."